நடந்து போகும் தூரத்தில் ஒரு நிலக்காட்சி: பேஸ்டலைத் தாமாகவே பழகுவோருக்கு

பேஸ்டல் என்னும் நிறக் குச்சிகளின் பெட்டி வாங்குவதற்கு முன்னால், வரையப்போகும் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள் என்றுதான் புதிதாகத் தொடங்கும் எவருக்கும் நான் சொல்வேன். ஆசிரியர் இல்லாமல் கற்பவருக்குத் தவறைச் சுட்டிக்காட்ட ஆள் கிடையாது. அந்த வேலையை ஓரளவுக்குச் செய்யக்கூடியது, திரும்பத் திரும்பப் போய் நிற்கக்கூடிய ஓர் இடம்தான். சென்ற வாரம் வரைந்த படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதே மரத்தின் எதிரில் போய் நின்றால், நிழல் இவ்வளவு கறுப்பு இல்லை, குன்று இவ்வளவு உயரம் இல்லை என்று அந்த இடமே காட்டிக்கொடுத்துவிடும். பயணத்தில் ஒருமுறை பார்த்த அருவியை வீட்டுக்கு வந்து புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அந்த இடம் வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கால்மணி நேரத்துக்குள் நடந்து போய்விடக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவோம். தொலைவில் ஒரு குன்றோ மரவரிசையோ, நடுவில் வயலோ மேய்ச்சல் நிலமோ, அருகில் ஒரு வரப்போ பாதையோ என மூன்று அடுக்குகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் நீர் இருந்தால் இன்னும் நல்லது. மிக முக்கியமாக, உட்கார நிழல் வேண்டும். உடம்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தாளின் மீது நேர் வெயில் விழுந்தால் எல்லா நிறமும் வெளிறித் தெரியும், அதைச் சரிக்கட்ட நாம் மேலும் மேலும் அடர்த்தியாக வரைவோம், வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் நண்பகல் காட்சி அந்தி போல இருண்டு கிடக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகள் ‘அழகான இடம்’ தேடி அலைந்து நான் வீணாக்கினேன். பிறகு ஒரு குளக்கரையில், மூன்று மரமும் ஒரு தாழ்ந்த குன்றும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கற்றுக்கொண்டது அனைத்தும் அங்கேதான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91 ஆண்டுகளில் வரைந்த வைக்கோல் போர் ஓவியங்கள் சுமார் 25. எல்லாம் ஜிவெர்னி என்ற ஊரில் அவர் வீட்டை ஒட்டிய வயலில் கண்டவை. அவர் கையாண்டது எண்ணெய் வண்ணம் என்றாலும், ஒரே பொருளை ஒளி மாற மாறப் பார்ப்பது என்ற பாடத்துக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பேஸ்டல் என்பது என்ன, எதை வாங்குவது

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். இங்கே பேசப்படுவது சாப்ட் பேஸ்டல். நிறமித் தூளோடு சுண்ணத் தூள் போன்ற நிரப்பியைச் சேர்த்து, ஒட்டுவதற்கு மிகக் கொஞ்சமாகப் பிசின் கலந்து, உருட்டிக் காயவைத்த குச்சி அது. ஆயில் பேஸ்டல் வேறு; மெழுகும் எண்ணெயும் கலந்த அது ஜப்பானில் 1920களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது, அதன் பழக்கவழக்கமும் வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலக்க முயன்றால் ஒன்றும் உருப்படாது. பள்ளிக்கூடச் சாக்பீஸில் நிறமி மிகக் குறைவு என்பதால் அதுவும் இதற்கு ஈடாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரோசால்பா கரியேரா, மோரிஸ் கந்தேன் த லா தூர் என்ற ஓவியர்கள் இதை முகச்சித்திரங்களுக்காகவே உச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஊர்ப்புறத்தை வரைய விரும்புகிறவர் பார்க்க வேண்டியவர் பிரெஞ்சு ஓவியர் மில்லே. 1849 முதல் 1875இல் இறக்கும்வரை பெரும்பாலும் பார்பிசோன் என்ற சிற்றூரிலேயே வாழ்ந்து, 1860களில் அங்கிருந்த வயல்களையும் பாதைகளையும் பேஸ்டலில் வரைந்தவர் அவர். காய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தண்ணீர்க் குவளை வேண்டாம், பாதியில் எழுந்து போய் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம், பிடிக்காத பகுதியைத் தூரிகையால் தட்டி உதிர்த்துவிடலாம். வெளியில் உட்கார்ந்து தனியாகப் பழகுகிறவருக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் ஊடகம் வேறில்லை என்பது என் கருத்து.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மற்ற வண்ணங்களைப் போலத் தட்டில் குழைத்துப் புது நிறம் உண்டாக்க முடியாது. கையில் உள்ள குச்சியின் நிறமே தாளில் விழும். கலப்பதெல்லாம் தாளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசித்தான். அதனால்தான் பேஸ்டல் பெட்டிகள் 200, 300 நிறங்கள் என்று பெருத்துப்போகின்றன. தொடக்கத்தில் அவ்வளவு தேவையில்லை. அரைக்குச்சிகளாக விற்கும் 30 அல்லது 40 நிறப் பெட்டி ஒன்று, கூடவே சற்றுக் கெட்டியான பேஸ்டல் பன்னிரண்டு. இவை ஒரு முழு ஆண்டுக்குத் தாங்கும். கெட்டியானதில் ஒட்டுப்பசை கூடுதல். முதல் பூச்சுக்கும் கிளை போன்ற மெல்லிய கோட்டுக்கும் அது உதவும். மிருதுவானது கடைசிப் பூச்சுக்கு.

பெட்டியைத் திறந்ததும் அடர்நிறங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மலிவான பெட்டிகளில் வெளிர் நிறங்கள் குவிந்திருக்கும். மர நிழலுக்கு வேண்டிய கருநீலம், கரும்பச்சை, கருஞ்சிவப்பு, கரும்பழுப்பு ஆகியவை ஒன்றுகூட இருக்காது. அப்படியானால் இந்த நான்கையும் தனிக்குச்சியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கறுப்புக் குச்சியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். நிலக்காட்சியில் அது ஓட்டை விழுந்தது போலத் தெரியும்.

வாங்கியதும் உறைத் தாளை உரித்து ஒவ்வொரு குச்சியையும் ஒடித்துவிடுங்கள். நான் ஆறு மாதம் அவற்றை முழுசாக, நகை போலப் பாதுகாத்துக்கொண்டு, முனையால் மட்டும் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு சென்டிமீட்டர்த் துண்டைப் படுக்கவைத்து இழுக்கும்போதுதான் பேஸ்டல் தன் குணத்தைக் காட்டுகிறது. துண்டுகளைச் சிவப்பு, நீலம் என்று பிரிக்காமல், வெளிர், நடுத்தரம், அடர் என மூன்று பள்ளங்களில் அடுக்கி வைப்பது நல்லது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும். பெட்டியில் கொஞ்சம் பச்சரிசியைக் கொட்டிவைத்தால், நடக்கும்போது குலுங்கிக் குலுங்கி அரிசியே குச்சிகளின் மேல் படிந்த அழுக்கைத் துடைத்துவிடும்.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வழவழப்பான தாளில் பொடி நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) கான்சன் மி-தேன்த் போன்ற நிறத்தாளில் ஒரு பக்கம் தேன்கூடு போலச் சொரசொரப்பாகவும் மறுபக்கம் சற்று நயமாகவும் இருக்கும். பழகுபவருக்கு நயமான பக்கமே நல்லது. ஓரளவு கை வந்த பிறகு, உப்புத்தாள் போன்ற மேற்பரப்புள்ள யூஆர்ட் தாளையோ, 360 ஜிஎஸ்எம் பேஸ்டல்மேட்டையோ முயன்று பார்க்கலாம். அவை பல அடுக்குகளைத் தாங்கும். வெள்ளைத் தாளைத் தவிர்த்துப் பழுப்பு, சாம்பல் போன்ற நடுத்தர நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓவியர் விஸ்லர் 1879, 80இல் வெனிஸில் வரைந்த பேஸ்டல்களில் பழுப்புத் தாளைப் பெரும்பகுதி அப்படியே விட்டுவைத்திருப்பார். தாளே பாதி வேலையைச் செய்திருக்கும்.

இவற்றோடு ஒரு பிளைவுட் பலகை, மாஸ்கிங் டேப், கரித்துண்டு, முரட்டுத் தூரிகை, ஈரத்துணி ஆகியவை போதும். பலகையை எப்போதும் செங்குத்தாகவோ சற்று முன்பக்கம் சாய்ந்தாற்போலவோ நிறுத்தி, அதன் அடியில் அலுமினியத் தாளை மடித்துத் தொட்டி போல வையுங்கள். உதிரும் பொடி அதில் விழட்டும். பொடியை வாயால் ஊதக் கூடாது. சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகச் சேர்மங்கள் உண்டு. ஊதினால் அவை காற்றில் பறந்து நம் மூச்சுக்குள்ளேயே போகும். பலகையின் பின்பக்கம் தட்டினால் போதும். வீட்டுக்குள் வரைந்தால் என்95 முகக்கவசம் அணிந்து, தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், விளக்குமாறு உதவாது.

நிறத்துக்கு முன்னால் வெளிச்சம்

முதல் ஒரு மாதம் நிறமே வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நிலக்காட்சி நம்பும்படியாக இருப்பதும் இல்லாததும், எது எதைவிட இருண்டது என்பதில்தான் இருக்கிறது. இதை ஓவியர்கள் டோன் என்பார்கள். டோன் சரியாக இருந்தால் மரத்தை ஊதாவாகத் தீட்டினாலும் மரமாகவே தெரியும். அது பிசகினால் இலைக்கு இலை சரியான பச்சையைத் தேடிப் பூசினாலும் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நிற்கும்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து நான்கைந்து திட்டுகள் மட்டும் எஞ்சும். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அந்தத் திட்டுகளைக் கரித்துண்டால் வெளிர், நடுத்தரம், அடர் என்ற மூன்றே அளவுகளில் நிரப்புங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே இடத்தில் உட்கார்ந்து, அடிவானத்தை மேலே ஏற்றி ஒன்று, கீழே இறக்கி ஒன்று, மரத்தை ஓரத்துக்குத் தள்ளி ஒன்று என்று ஆறு கட்டம் வரைந்தால், எது படமாகும் எது ஆகாது என்பது தானே புலப்படும். அடிவானம் நட்ட நடுவில் ஓடுகிற கட்டம் பெரும்பாலும் தோற்றுப்போகும். வானமும் தரையும் சமபங்கு கேட்டுச் சண்டையிடும்போது கண் எங்கே தங்குவது?

மேகமற்ற சாதாரணப் பகலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வரிசை உண்டு. ஒளி வருவது மேலிருந்து. ஆகவே வானம்தான் மிக வெளிச்சமானது. அதற்கு முகம் காட்டிப் படுத்திருக்கும் தரை அடுத்தது. சரிந்து நிற்கும் குன்று மூன்றாவது. நேராக நிமிர்ந்து நிற்கும் மரங்கள் எல்லாவற்றையும்விட இருண்டவை. பனி மூடிய நிலம், அறுவடை முடிந்த வெளிறிய வயல், புயலுக்கு முந்திய கருவானம் போன்ற விலக்குகள் உண்டு. விலக்கு என்பதைக் கண்டுகொள்ளவும் இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும். என்னுடைய தொடக்ககாலப் படங்கள் எல்லாவற்றிலும் வயல் மரத்தின் அளவுக்கே இருண்டு கிடந்தது, ஏனென்றால் இரண்டும் ‘பச்சை’ என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

கைப்பேசியால் ஒரு நல்ல உதவி உண்டு: வரைந்த படத்தைப் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் டோன் தவறுகள் பளிச்செனத் தெரியும். காட்சியையே கைப்பேசியில் பிடித்து அதைப் பார்த்து வரைவதில்தான் ஆபத்து. கேமரா நிழல்களைக் கறுப்பாக அடைத்துவிடும், அல்லது வானத்தை வெளுத்துவிடும்; கண்ணுக்குத் தெரிகிற நிழலுக்குள் இருக்கும் நீலமும் செம்பழுப்பும் படத்தில் வருவதே இல்லை. படம் பிடித்துக்கொள்ளுங்கள், கிளை எந்தப் பக்கம் போகிறது என்று சரிபார்க்க மட்டும்.

ஒரு காலை அமர்வு

சூரியன் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் 30 பாகை; தொடங்கும்போது மரத்தின் இடப்பக்கம் கிடந்த நிழல் அதற்குள் வேறு வடிவம் எடுத்துவிட்டிருக்கும். ஆகவே ஓர் அமர்வுக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம், அரைத்தாள் போதாமல் போனாலும் முழங்கை நீளத் தாள் வேண்டாம். நோட்டுப் புத்தக அளவு போதும். முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் ஓரத்தைக் குறித்துவிட்டு, அதன்பின் அவை எங்கே நகர்ந்தாலும் பின்னால் ஓடாதீர்கள்.

என் குளக்கரையில் நான் செய்வது இதுதான். தீப்பெட்டிக் கட்டத்தில் தேறிய ஒன்றைப் பார்த்து, கரித்துண்டால் நான்கைந்து கோடுகளில் பெரிய வடிவங்களை மட்டும் தாளில் இடுவேன். பின் தூரிகையால் கரியைத் தட்டிவிடுவேன்; மங்கலான தடம் மட்டும் இருக்கும், இல்லாவிட்டால் கரி மேலே வரும் வெளிர் நிறங்களை அழுக்காக்கும். கெட்டியான பேஸ்டல் துண்டைப் படுக்கவைத்து, மரத்தொகுதிக்குக் கருஞ்சிவப்பு, குன்றுக்கு மங்கிய ஊதா, வயலுக்குக் காவி, வானத்தின் அடிப்பகுதிக்கு வெளிர் பீச் எனத் திட்டுத் திட்டாக, அழுத்தாமல் தேய்ப்பேன். உப்புத்தாள் வகையாக இருந்தால் இந்த முதல் பூச்சின் மேல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையை ஓட்டலாம். நிறம் கரைந்து தாளுக்குள் இறங்கி, தாளின் சொரசொரப்பு அடைபடாமல் அப்படியே இருக்கும். சில நிமிடத்தில் காய்ந்துவிடும்.

பிறகு அடர்நிறங்கள், அடுத்து நடுத்தரம், கடைசியில் வெளிர். வானத்தை மட்டும் முன்கூட்டியே முடித்துவிடுவது வசதி, அதன் பொடி கீழேதான் விழும். வானத்தில் ஒரே நீலத்தை மேலிருந்து கீழ்வரை இழுத்துவிடாதீர்கள். தலைக்கு மேலே அடர்ந்த நீலம், கீழிறங்க இறங்க வெளிறி, அடிவானத்தை ஒட்டிச் சற்று வெதுவெதுப்பான நிறமாக மாறுவதை நிமிர்ந்தும் குனிந்தும் பார்த்தால் காணலாம். இலைகளின் இடையே தெரியும் வானப் பொத்தல்களை மரம் வரைந்தபின் போடுங்கள். ஆனால் வெட்டவெளி வானத்தின் நிறத்தையே அங்கும் வைத்தால் மரத்தில் விளக்கு மாட்டியது போல மின்னும். ஒரு படி இருண்ட நீலம்தான் சரியாக அமரும். பொத்தல்கள் எண்ணிக்கையில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், ஒரே அளவிலும் வேண்டாம்.

அழுத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாளின் சொரசொரப்பு ஒரு சேமிப்புக் கணக்கு. முதல் அரைமணியில் அழுத்தித் தேய்த்துச் செலவழித்துவிட்டால், கடைசியில் வெயில் பட்ட ஓரத்துக்கு வெளிர் மஞ்சள் வைக்கும்போது அது ஒட்டாமல் வழுக்கும். குச்சியின் எடை மட்டும் தாளில் படும்படி இழுத்துப் பழகுங்கள். விரலால் தேய்த்துக் குழைப்பது பேஸ்டலில் எல்லோருக்கும் வருகிற ஆசை. தொலைவுக் குன்றுக்கும் நீரின் அடிநிறத்துக்கும் ஓரளவு செய்யலாம். எல்லா இடத்திலும் செய்தால், துகள்களுக்கு நடுவே கீழடுக்கு எட்டிப்பார்ப்பதால் வருகிற துடிப்பு செத்து, படம் புகைமூட்டமாகிவிடும்.

புல்லை ஒவ்வொரு இழையாக வரையாதீர்கள். ஒரு திட்டாகப் பூசி, நம் காலடிக்கு அருகே வெயில் படுகிற ஓரிடத்தில் மட்டும் ஏழெட்டுக் கீற்றுகள் இட்டால், மீதி முழுவதையும் பார்ப்பவரின் கண்ணே புல்லாக்கிக்கொள்ளும்.

பச்சை என்னும் பொறி

ஊர்ப்புறத்தை வரைய வருகிற எவரும் வழுக்கி விழுகிற இடம் பச்சை. பெட்டியில் இருக்கும் பச்சைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் வாளியின் பச்சை. அவற்றை அப்படியே எடுத்துப் பூசிய என் முதல் இருபது படங்களையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தபோது, வேறு வேறு பருவங்களில், வேறு வேறு நேரங்களில் வரைந்த அத்தனையும் ஒரே கடையில் வாங்கிய விரிப்புகள் போல இருந்தன. கோபமாக வந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தேன். பச்சைக் குச்சிகள் அனைத்தையும் வீட்டில் வைத்துவிட்டு, நீலம், மஞ்சள், காவி, செம்பழுப்பு, ஊதா ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். நீலத்தின் மேல் மஞ்சளைத் தளர்வாகக் கீறினால் பச்சை வருகிறது. மஞ்சள் காவியைக் கீறினால் இன்னொரு, பழுத்த பச்சை வருகிறது. அடியில் ஊதா இருந்தால் நிழல் தானாகவே உள்வாங்கிக்கொள்கிறது. அன்று, நடுவில் நிற்கும் மரத்தின் நிழற்பக்கத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். மேல்பகுதியில் வானத்தின் நீலம் படிந்து குளிர்ந்திருந்தது. அடிவயிற்றிலோ, வெயில் பட்ட மண்ணிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் ஏறிச் செம்பழுப்பாக இருந்தது. பச்சை என்று சொல்லத்தக்கது, வெயிலும் நிழலும் சந்திக்கிற ஒரு கையகல விளிம்பில் மட்டுமே. இந்தப் பயிற்சியை ஒரு மாதம் செய்யும்படி நான் வற்புறுத்துவேன். திரும்பப் பச்சைக் குச்சியைக் கையில் எடுக்கும்போது, அதை எங்கே வைக்கக் கூடாது என்பது தெரிந்திருக்கும்.

பச்சைக்கு அடியில் அதன் எதிர்நிறமான சிவப்பையோ செங்காவியையோ முதலில் பூசிவைப்பது இந்தக் காரணத்துக்காகவே. மேலே வரும் பச்சையின் இடுக்குகளில் அந்தச் சிவப்பு துளித்துளியாகத் தெரியும்போது, பச்சையின் பச்சைத்தனம் அடங்கிப்போகும்.

தொலைவும் பச்சையோடு சேர்ந்த விஷயம்தான். நமக்கும் குன்றுக்கும் இடையே உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் தூரம் கூடக் கூட நிறங்களிலிருந்து முதலில் மஞ்சள் விலகும், பிறகு சிவப்பு. எஞ்சுவது நீலமும் ஊதாவும் கலந்த சாம்பல். அருகில் இருக்கும் புல்லில் மஞ்சள் நிறைந்த பச்சை, நடுவயலில் சற்று நீலம் கலந்த பச்சை, அடிவான மரவரிசையில் பச்சையே இல்லாத நீலச்சாம்பல் என்று மூன்று துண்டுகளைத் தனியாக எடுத்து இடக்கையில் வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினால் பாதித் தவறுகள் குறையும். இருளும் அப்படியே விலகும்: தொலைவு மரத்தின் மிக அடர்ந்த நிழல்கூட, காலடிப் புதரின் நிழலைவிட வெளிறியதாகத்தான் இருக்கும். தூரத்துக் குன்றில் ஓர் அடர்ந்த புள்ளியை வைத்துவிட்டால் குன்று ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

கெட்டுப்போகும் இடங்கள்

படம் பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்தில் கெடுகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மேலும் மேலும் பூசிச் சேறாக்கிவிடுகிறோம். ஒரு பகுதி சேறாகிவிட்டால் அதன்மேல் இன்னொரு நிறத்தைப் போட்டுக் காப்பாற்ற நினைக்காமல், முரட்டுத் தூரிகையால் அங்கே உள்ள பொடியை முழுவதும் உதிர்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பொடி உதிராமல் இறுக்குவதற்காகத் தெளிக்கும் ஃபிக்ஸேட்டிவ் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேகங்கள் நன்றாக வந்த படம் ஒன்று; கலைந்துவிடக் கூடாதே என்று புட்டியில் எழுதியிருந்தபடி தெளித்தேன், ஒரு நிமிடத்தில் மேகம் முழுவதும் அழுக்குச் சாம்பலாகி, வெயில் பட்ட விளிம்புகள் காணாமல் போயின. காரணம் எளிது. பேஸ்டலின் ஒளிர்வு, துகள்களுக்கு இடையே உள்ள காற்றில் ஒளி சிதறுவதால் வருவது. தெளிப்பிலுள்ள பிசின் அந்த இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது, ஈரமண் காய்ந்த மண்ணைவிட இருண்டு தெரிவது போல. அதிலும் சுண்ணத்தூள் மிகுந்த வெளிர் நிறங்கள்தான் முதலில் பலியாகும். இடையில் ஓரடுக்கை இறுக்குவதற்காக, படம் பாதியில் இருக்கும்போது மெலிதாகத் தெளிக்கலாம். முடிந்த படத்தின் மேல் நான் தெளிப்பதில்லை.

ஆசிரியர் இல்லாமல் திருத்திக்கொள்வது

ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் தேதி, நேரம், வானிலை, காற்றின் திசை ஆகியவற்றைக் குறியுங்கள். பிரெஞ்சு ஓவியர் பூதேன் தம் பேஸ்டல் வானங்களின் ஓரத்தில் இப்படித்தான் எழுதிவைத்தார். 1859இல் அவற்றைப் பார்த்த கவிஞர் போதலேர், அந்தக் குறிப்புகளை மறைத்துவிட்டாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் கண்டுபிடித்துவிடலாம் என்ற பொருளில் வியந்திருக்கிறார். உங்கள் படத்துக்கும் அந்தச் சோதனையை வைக்கலாம். பின்பக்கத்தைக் காட்டாமல், வரையத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இது காலையா மாலையா என்று மட்டும் கேளுங்கள். ‘நல்லா இருக்கு’ என்ற பதிலால் யாரும் ஒன்றும் கற்றதில்லை; காலைப் படத்தை அவர் மாலை என்று சொன்னால், நிழலின் நிறத்தில் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

படத்தை முடித்த கையோடு மதிப்பிடாமல் இரண்டு வாரம் உள்ளே போட்டு வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தலைகீழாகப் பிடித்தோ கண்ணாடியில் காட்டியோ பாருங்கள். சாய்ந்துபோன அடிவானமும் ஒருபக்கம் கனத்த மரமும் உடனே கண்ணில் படும். கெட்ட படங்களைக் கிழித்துப் போடவும் வேண்டாம், அவைதான் உங்கள் பாடநூல்.

வெளியே போக முடியாத நாட்களில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பெரிய அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் நுண்ணிய படங்களைப் பெரிதாக்கி, மில்லேயின் வயலில் ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை நிறக் கீற்றுகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்து, அந்தத் துண்டை மட்டும் நகலெடுப்பது. மற்றொன்று, நேற்று பார்த்த காட்சியை நினைவிலிருந்து வரைவது. வெளியில் நின்று வரைவோரைக் கேலி செய்துகொண்டிருந்த பிரெஞ்சு ஓவியர் தெகா, 1892இல் பாரிஸில் காட்டிய நிலக்காட்சிகளில் மோனோடைப் அச்சின் (தகட்டில் மை தீட்டித் தாளில் ஒற்றி எடுப்பது) மேல் பேஸ்டலைப் பூசியிருந்தார். அவை காட்சியின் எதிரே அமர்ந்து வரைந்தவை அல்ல. அவர் கேலியை நாம் ஏற்க வேண்டியதில்லை, ஆனால் நினைவிலிருந்து வரையும்போது எது மறந்துபோகிறதோ அதைத்தான் நாம் இதுவரை பார்க்கவே இல்லை என்பது உறுதியாகும். மறுநாள் அதே இடத்துக்குப் போய் அதை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

பாதுகாப்பதும் மிச்சத்தைச் சேர்ப்பதும்

முடிந்த படங்களைக் கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாள் இடையிட்டு, படுக்கையாக, ஒன்றன்மேல் ஒன்று உரசி நகராதபடி அடுக்கிவைக்க வேண்டும். சட்டம் போடுவதானால் கண்ணாடியே பொருத்தம்; சாதாரண அக்ரிலிக் தகட்டில் நிலைமின்சாரம் உண்டாகிப் பொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க ஓர் அட்டை விளிம்போ இடைக்கட்டையோ வைக்கச் சொல்லுங்கள். நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம்.

அலுமினியத் தொட்டியில் விழும் பொடியை நான் ஒரு மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வருகிறேன். நான்கைந்து மாதத்தில் ஒரு கைப்பிடி தேறும். முகக்கவசம் அணிந்து, கையுறையோடு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, செய்தித்தாளின் மேல் உருட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினால் ஒரு புதுக் குச்சி கிடைக்கும். உதிர்ந்த பழைய துண்டுகளில் இருக்கும் பிசினே அதைப் பிடித்துவைக்கப் போதும். நிறம் எப்போதும் ஒரு சாம்பல்தான், ஆனால் எந்தக் கடையிலும் கிடைக்காத சாம்பல்: கோடையில் சேர்த்தது காவி கலந்து வெதுவெதுப்பாக இருக்கும், மழைக்காலத்தில் சேர்த்தது பச்சையும் நீலமும் ஓடிக் குளிர்ந்திருக்கும். குளத்துக்கு அப்பால் இருக்கும் அந்தக் குன்றுக்கு இப்போதெல்லாம் நான் இந்தக் குச்சியைத்தான் முதலில் எடுக்கிறேன்.